கம்பவுண்டரை நான்தான் விடுவிச்சேன்

உக்காருங்க சார். பையை மடியில வெச்சுக்கறேன், தாராளமா உக்காருங்க. திருச்சியா? நானும் அங்கதான் எறங்கி மெட்ராஸ் பஸ் பிடிக்கணும். ஒண்ணுமில்ல சார், உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெயில்ல ஓடி வந்து ஏறினேன், அதான் வேர்க்குது.

டிவியில 'நீலப் புட்டி' பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வருமே? பதிமூணு வாரம் வந்துது, இன்னிக்கோட முடிஞ்சுது. பாக்கலையா? நல்லதாப் போச்சு, மொதல்லேருந்து சொல்லலாம். அதுல 'திரைக்கதை வசனம் கார்வண்ணன்'னு வரும். நான்தான் அது. இருபத்திரண்டு வருஷமா மெகா சீரியலுக்கு வசனம் எழுதறேன். மாமியார் பால்ல விஷம் வெப்பாங்க, மருமக கை தவறிக் கொட்டிடுவா, அந்த மாதிரி. அதுலயெல்லாம் பேரு ஓடற வேகத்துல என் சம்சாரமே படிச்சதில்லை. இதுல மட்டும்தான் என் பேரு தனியா நின்னுச்சு.

அது அறுபத்திரண்டுல வந்த நாவல் சார். சுந்தரவரதன்னு ஒருத்தர் எழுதினது. எங்க அப்பா காலத்துல அதைப் படிக்காதவங்க கிடையாது. கதை இவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிராசுதார் வீடு. மிராசுதார் சம்சாரம் இருமல் மருந்து குடிச்சுட்டுப் படுக்கறாங்க, எந்திரிக்கல. மருந்துல விஷம். துப்பறியும் கோதண்டபாணி வர்றார், வீட்டுல இருக்கற அத்தனை பேரையும் சந்தேகப்படறார். கடைசியில பாத்தா, டாக்டர்கிட்ட வேலை பாக்கற கம்பவுண்டர்தான் நகைக்கு ஆசைப்பட்டு விஷத்தைக் கலந்திருக்கான்.

போன வருஷம் சேனல்ல கூப்பிட்டு இதைப் பண்ணச் சொன்னாங்க. டைரக்டர் நிவேதன், முப்பத்தோரு வயசு. எனக்கு உதவியா மித்ரான்னு ஒரு பொண்ணைப் போட்டாங்க. உதவின்னு பேரு. நான் சறுக்கினா அந்த நாற்காலியில உக்கார வெக்கத்தான்னு எனக்குத் தெரியாதா?

பேப்பர்ல விளம்பரம் வந்த நாலாம் நாள் காலையில என் வீட்டு வாசல்ல ஒரு அம்மா நிக்கறாங்க. எழுபத்திரண்டு வயசு. ஊர்லேருந்து தனியா பஸ் ஏறி வந்திருக்காங்க. ஊர் பேரு வேண்டாம் சார், மன்னார்குடிக்குப் பக்கம்னு வெச்சுக்குங்க. அவங்க பேரையும் நான் சொல்லக் கூடாதுதான். தில்லைநாயகி. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில முப்பத்திநாலு வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க.

"நீங்க எடுக்கப் போற கதையில வர்ற கம்பவுண்டரோட பொண்ணு சார் நான்"னாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "அம்மா, அது கதைம்மா"ன்னேன்.

"கதைதான் சார். எங்க அப்பா நெஜம்."

அப்புறம்தான் தெரியுது, அறுபதுல நெஜமாவே அந்த ஊர்ல ஒரு மிராசுதார் சம்சாரம் அப்படிச் செத்திருக்காங்க. கம்பவுண்டர் வைத்தியலிங்கத்தைப் பிடிச்சுப் பதினோரு மாசம் ஜெயில்ல வெச்சு, ஆதாரம் இல்லேன்னு விட்டுட்டாங்க. சுந்தரவரதன் பேப்பர்ல படிச்சு, பேரை மட்டும் மாத்தி எழுதிட்டார். நாவல் வந்தப்புறம் அந்த மனுஷனால ஊர்ல தலைநிமிர்ந்து நடக்க முடியல. "கோர்ட்டு விட்டுடுச்சு சார், புத்தகம் விடல"ன்னாங்க அந்தம்மா. அவங்களுக்கு ஒரு அண்ணன், அம்பலவாணன். பள்ளிக்கூடத்துல பசங்க இவரைப் பாத்தாலே 'மருந்து வேணுமா, மருந்து வேணுமா'ன்னு கத்துவாங்களாம். வயசு வந்ததும் இனிஷியலையே மாத்திக்கிட்டார், தாய்மாமன் இனிஷியல். திருப்பூருக்குப் போனவர் வீட்டுப் படி மிதிக்கல. அப்பா செத்ததுக்கும் வரல. சித்தப்பா பையன்தான் கொள்ளி வெச்சிருக்கான்.

"கொலைகாரனை மாத்திடுங்க சார். வேற யாரை வேணாலும் போட்டுக்குங்க. எங்க அப்பாவை விட்டுடுங்க."

நான் எடுத்துச் சொன்னேன். "இது க்ளாசிக்மா. ஒரு எழுத்தை மாத்தினாலும் படிச்சவங்க சண்டைக்கு வருவாங்க"ன்னேன். கோதண்டபாணியைக் கோதைன்னு பொம்பளையா மாத்தியிருந்தோம், மிராசுதாருக்கு ரெண்டாவது சம்சாரம் ஒண்ணு சேத்திருந்தோம். அது வேற சார், அது டிவிக்காக. கதையோட உயிரை நான் தொடல.

அந்தம்மா எந்திரிச்சுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. "உக்காருங்கம்மா. சேனல்ல போய்ப் பேசணும்னா எனக்குக் காரணம் வேணும். உங்க அப்பா செய்யலேன்னா யார் செஞ்சது? அது தெரிஞ்சா நான் அடிச்சுப் பேசலாம்"னேன். எழுதறவன் பாருங்க, விட முடியாது. மூணு தடவை கேட்டேன்.

காபி டம்ளரைத் தள்ளி வெச்சாங்க. அப்புறம் சொன்னாங்க.

அன்னிக்கு அப்பா ரெண்டு புட்டி கொடுத்தனுப்பியிருக்கார். ரெண்டும் நீலப் புட்டி. ஒண்ணு மிராசுதார் வீட்டம்மாவுக்கு, இருமலுக்குக் குடிக்கறது. இன்னொண்ணு வண்டிக்காரர் சின்னய்யாவுக்கு, முட்டி வலிக்குத் தேய்க்கறது. குடிச்சா அது விஷம். எடுத்துட்டுப் போனது ஏழு வயசுப் பொண்ணு. தில்லைநாயகி.

"மறுநாள் காலையில சின்னய்யா எங்க வாசல்ல வந்து உக்காந்தார் சார். 'என்ன மருந்து பாப்பா கொண்டாந்தே, முட்டியெல்லாம் எறும்பு மொய்க்குது'ன்னார். குனிஞ்சு பாத்தேன். வரிசையா ஏறிட்டிருந்துச்சு. இருமல் மருந்து இனிப்பு சார்."

அப்பா அதைப் பாத்துட்டார். புட்டியை வாங்கிட்டுப் போய் ஆத்துல போட்டுட்டார். பொண்ணைப் படுக்க வெச்சு, கழுத்து வரைக்கும் போர்த்தி, 'உனக்கு நேத்துலேருந்து காய்ச்சல், நீ வீட்டை விட்டே போகல'ன்னு சொன்னார். முந்தின நாள் அது மிராசுதார் வீட்டுத் திண்ணையில புட்டியை வெச்சதை யாரும் பாக்கல. மத்தியானம் போலீஸ் வந்துச்சு. பதினோரு மாசம் ஜெயில்ல இருந்தும் அந்த மனுஷன் வாயைத் திறக்கல. சின்னய்யாவும் திறக்கல.

"நர்ஸா இருந்த காலமெல்லாம் எந்தப் புட்டியை எடுத்தாலும் லேபிளை மூணு தடவை வாய்விட்டுப் படிப்பேன். மத்த நர்ஸுங்க சிரிப்பாங்க. எங்க வீட்டுக்காரர் கூட இது தெரியாமயே போய்ச் சேந்துட்டார். உங்ககிட்டதான் சொல்லியிருக்கேன். இதை எழுதிடாதீங்க சார்."

"பாக்கலாம்மா"ன்னேன்.

பாக்கலாம்னுதான் சார் சொன்னேன். எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணல. இதை நீங்க நல்லா ஞாபகம் வெச்சுக்கணும்.

நான் எழுதணும்னு நெனைக்கவும் இல்ல. எட்டு எபிசோட் புஸ்தகப்படியேதான் போச்சு. அப்பத்தான் வினை வந்துது. யாரோ ஒருத்தன் இன்டர்நெட்டுல 'நீலப் புட்டி கொலைகாரன் யார்'னு வீடியோ போட்டுட்டான். மூணு லட்சம் பேர் பாத்துட்டாங்க. அதோட, கம்பவுண்டரா நடிச்ச பையன் மேல ஜனங்களுக்கு ஒரே பிரியம். அவன் கொலைகாரனா இருக்கக் கூடாதுன்னு லெட்டர் மேல லெட்டர். சேனல்ல கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. "வேற ஆள் வேணும். யாரும் நெனைச்சே பாக்காத ஆள். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க"ன்னாங்க.

ரெண்டு நாள் கதை பேசினோம். டாக்டரை வெச்சேன், வேண்டாம்னாங்க. ரெண்டாவது சம்சாரத்தை வெச்சேன், எல்லா சீரியல்லயும் அதான்னாங்க. மிராசுதாரை வெச்சேன், நிவேதன் கொட்டாவி விட்டார். ரெண்டாவது நாள் நாலு மணி இருக்கும். நிவேதன் என்னைத் தாண்டிப் பாத்து, "மித்ரா, நீ ஏதாவது யோசிச்சியா?"ன்னார். அந்தப் பொண்ணு நோட்டைப் பிரிக்குது. இருபத்திரண்டு வருஷம் சார். நோட்டு பிரியற அந்தச் சத்தம் இருக்கே, அது முடியறதுக்குள்ள நான் பேசிடணும்.

"பாப்பா"ன்னேன்.

"எந்தப் பாப்பா?"

"கம்பவுண்டரோட பொண்ணு. ஏழு வயசு. புட்டியைக் கொண்டு போறது அதுதான்."

நான் சொல்லிட்டே போறேன். வண்டிக்காரர், முட்டி, எறும்பு. எறும்புன்னதும் நிவேதன் எந்திரிச்சு வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். "சார், இதை யாரும் எழுத முடியாது சார்"ன்னார். மித்ரா மட்டும் மெதுவா, "சின்னக் குழந்தை சார். இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"ன்னு கேட்டுச்சு.

"கற்பனைதான்"னேன்.

தெரியாம மாறிடுச்சுன்னுதான் நான் எழுதினேன். சேனல்ல ஒத்துக்கல. விபத்தா முடிஞ்சா பதிமூணு வாரம் எதுக்குப் பாத்தோம்னு கேப்பாங்களாம். வேணும்னே மாத்தணும்னாங்க. மிராசுதார் வீட்டம்மா குழந்தையை அறைஞ்சாங்க, அதுக்குப் பழி. மாத்தி எழுதிக் கொடுத்தேன். கடைசி ஷாட்டுல அந்தக் குழந்தை கேமராவைப் பாத்துச் சிரிக்கும். அது டைரக்டர் வெச்சது, நான் எழுதல.

ஷூட்டிங் முடிஞ்சதும் அந்தம்மாவுக்கு நானே போன் பண்ணினேன் சார். யார் பண்ணுவாங்க சொல்லுங்க? "அம்மா, உங்க அப்பா கொலைகாரர் இல்ல. மாத்திட்டேன்"னேன். அந்தப் பக்கம் தேம்பற சத்தம். "நீங்க நல்லா இருக்கணும் சார், உங்க குடும்பம் நல்லா இருக்கணும்"னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. அப்ப யார் கொலைகாரர்னு கேப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காதப்ப நானா எப்படிச் சொல்றது?

மறுநாள் அவங்களே கூப்பிட்டாங்க. "சார், கடைசி எபிசோடுக்குத் தெருவையே கூப்பிட்டிருக்கேன். அண்ணன் வர்றேன்னு சொல்லிடுச்சு சார்! நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நீங்களும் வந்து எங்களோட உக்காந்து பாக்கணும்."

வராம இருந்திருக்கலாம். ஆனா நேர்ல போய், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தனியாக் கூப்பிட்டுச் சொல்லிடணும்னுதான் கிளம்பினேன். சத்தியமா சார். ஒன்பதரை மணிக்கெல்லாம் அங்க போயிட்டேன்.

போனா, கல்யாண வீடு மாதிரி இருக்கு. கூடத்துல வாடகை நாற்காலி போட்டிருக்கு. முப்பது பேருக்குக் கொறையாது. செவுத்துல அவங்க அப்பா போட்டோ, ரோஜா மாலை. முன்வரிசையில வெள்ளை வேட்டி கட்டி ஒல்லியா ஒருத்தர் குச்சி மாதிரி நிமிர்ந்து உக்காந்திருக்கார். அவர்தான் அம்பலவாணன். எழுபத்தாறு வயசு. போட்டோ இருக்கற பக்கம் மட்டும் திரும்பவே இல்ல.

அந்தம்மாவைத் தனியாப் பிடிக்க முடியல சார். சமையல்கட்டுக்குப் போனேன். "அம்மா, ஒரு நிமிஷம் பேசணும்"னேன். "முதல்ல சாப்பிடுங்க"ன்னு கேசரித் தட்டை என் கையில திணிச்சுட்டு, யாருக்கோ காபி எடுத்துட்டுப் போயிட்டாங்க. பத்தேகாலுக்குக் கொல்லைப் பக்கம் போனாங்க, பின்னாடியே போனேன். நாலு பொம்பளைங்க சுத்தி நிக்கறாங்க. பத்தரை. பத்தே முக்கால். கரண்ட் போயிடணும்னு வேண்டிக்கிட்டேன். என் பேரு வர்ற சீரியல் ஓடக் கூடாதுன்னு நானே வேண்டறேன், பாருங்க. பத்து அம்பத்தஞ்சுக்கு டிவி பக்கத்துல போய் நின்னேன். பின்னால ஒயர் தொங்குது. காலால இழுத்தா வந்துடும். அதுக்குள்ள அம்பலவாணன் என் கையைப் பிடிச்சுப் பக்கத்துல உக்கார வெச்சுட்டார். "உங்களை மாதிரி ஒருத்தர் அன்னிக்கே இருந்திருக்கக் கூடாதா"ன்னார். அவர் கை சில்லுன்னு இருந்துச்சு.

பதினோரு மணி ஆச்சு. பாட்டு வந்துது. என் பேரு வந்தப்ப கை தட்டினாங்க.

முதல் அரை மணி அருமையாப் போச்சு சார். கோர்ட் சீன். கோதை எந்திரிச்சு, 'இந்த மனிதர் நிரபராதி'ன்னு சொல்றா. நான் எழுதின வசனம். அந்தக் கூடமே எழும்பிடுச்சு. அந்தம்மா போட்டோகிட்ட போய் நின்னுட்டாங்க. அம்பலவாணன் துண்டால முகத்தை மூடிக்கிட்டு அழறார். அதோட விளம்பரம் போட்டான். நாலு நிமிஷம். அப்பவாவது சொல்லியிருக்கலாம். எல்லாரும் என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டு இருக்காங்க, எப்படிச் சொல்றது?

விளம்பரம் முடிஞ்சு மொதல் ஷாட்டு. ஒரு முட்டி. அது மேல வரிசையா எறும்பு.

அந்தம்மா டிவியைப் பாக்கல சார், திரும்பி என்னைப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்துட்டேன்.

அப்புறம் அந்தக் குழந்தை வந்துது. ரெண்டு கையில ரெண்டு நீலப் புட்டி. நின்னு, யோசிச்சு, மாத்திப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுது. முடிஞ்சுது.

ஒருத்தரும் எந்திரிக்கல. அம்பலவாணன்தான் துண்டை மடியில வெச்சுட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினார். "தில்லை, அப்பல்லாம் மருந்து கொண்டு போறது நீதானே?"ன்னார்.

"ஆமாண்ணே."

"அன்னிக்கு உனக்குக் காய்ச்சல்னாங்களே?"

"காய்ச்சல் இல்லண்ணே. அப்பா படுக்க வெச்சார்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் எந்திரிச்சார். நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு அப்பத்தான் முதல் தடவையா அந்தப் போட்டோவைப் பாத்தார். "நான் கொள்ளி வெக்கக் கூட வரலையே தில்லை. உனக்குத் தெரிஞ்சிருந்தும் நீ எனக்குச் சொல்லலையே"ன்னார். தெரு ஜனம் அத்தனையும் அந்தம்மாவையே பாக்குது. அவங்க எல்லாரையும் ஒரு தடவை பாத்துட்டு நிதானமாச் சொன்னாங்க. "மாறினது நெஜம். தெரியாம மாறிடுச்சு. எனக்கு வயசு ஏழு."

அப்புறம் என்கிட்ட வந்தாங்க. திட்டுவாங்கன்னு நெனைச்சேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு இருந்தேன். "அந்தக் குழந்தையை ஏன் சார் சிரிக்க வெச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.

"அது டைரக்டர் வெச்ச ஷாட்டும்மா"ன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தலையை ஆட்டிக்கிட்டாங்க. அதுக்குள்ள அம்பலவாணன் வாசலுக்குப் போயிட்டார். செருப்பைத் தேடல, அப்படியே தெருவுல எறங்கிட்டார். திரும்பிப் பாத்து, "எங்க வெச்சு எரிச்சாங்க?"ன்னார்.

"ஆத்தங்கரையில. வா, காட்டறேன்"னு அந்தம்மா குடையை எடுத்துக்கிட்டாங்க.

நான் பின்னாடியே ஓடினேன். "வெயிலா இருக்கும்மா, ஆட்டோ கூப்பிடறேன். நானும் கூட வர்றேன்."

"நீங்க வராதீங்க சார்"னாங்க. கோவமே இல்ல. வார்டுல ஆள் கூட்டத்தை வெளியில போகச் சொல்லுவாங்களே, அந்தக் குரல்.

நியாயமா நீங்களே சொல்லுங்க சார். அப்பாவை விட்டுடுங்கன்னாங்க, விட்டேனா இல்லையா? நாப்பது வருஷமா வராத அண்ணன் வந்தாரா இல்லையா? எல்லாம் சேத்து வெச்சது நான். என்னை மட்டும் வராதேன்னா எப்படி? அந்தத் தெருவுல ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாக்கூட வாயைத் திறக்கல சார்.

நிவேதன் மெசேஜ் அனுப்பியிருக்கார், பாருங்க. அடுத்த சீசனுக்கு சேனல்ல சரின்னுட்டாங்களாம். பாப்பா வளர்ந்து நர்ஸ் ஆகறாளாம். ஆஸ்பத்திரி, மருந்து, ஒவ்வொருத்தராச் சாகறாங்க. நர்ஸுங்கறது ஒருநாள் சாப்பிடறப்ப என் வாயிலதான் வந்துடுச்சு. இதுல அந்தம்மாவுக்கு என்ன சார் வந்துடப் போவுது? இது முழுக்கக் கற்பனைதானே.

எங்கேருந்து ஆரம்பிக்கலாம்னு கேக்கறார். உச்சி வெயில். மண் ரோடு. வெறுங்காலோட ஒரு வயசானவர் முன்னாடி நடக்கறார். ஒரு பொம்பளை குடையை அவர் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு, தான் வெயில்ல நடந்து வர்றா. ரெண்டு பேரும் பேசிக்கல. முகத்தைக் காட்டக் கூடாது, முதுகு மட்டும். தெரு முனை திரும்பற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் சார் வந்தேன்.

பேனா இருக்கா சார் உங்ககிட்ட? மறந்துடறதுக்குள்ள குறிச்சுக்கறேன்.